இடப்பக்கக் கதவின் கைப்பிடி

அவருக்குத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்க உறுத்துது?"

முப்பது வருடம் பல் செட் கட்டியவர் வேறு எதைக் கேட்பார்? புது செட்டை வாயில் பொருத்தி, கடிக்கச் சொல்லி, எதிரில் இருப்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்வி அது. எங்கள் ஊரை ஒட்டிய நெரவியில் வீட்டு முன்னறையில் வைத்திருந்த தொழிலை மூடிய பிறகும் கேள்வியை மட்டும் அவர் மூடவில்லை. செருப்புக் கடையில் கேட்டார். வங்கிக் காசாளரிடம் கேட்டார். தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரிடம், முழந்தாளிடும் பலகையைப் பற்றிக் கேட்டு, மறுவாரம் அதன் விளிம்பை ராவிக் கொடுத்தார் என்றும் சொல்கிறார்கள்.

பெயரை எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் ஊரில் நாலு பேர் "அவரா, தங்கமான மனுஷனாச்சே" என்று ஆரம்பிப்பார்கள். அதை நான் போதுமான அளவு கேட்டாயிற்று.

முதல்முறை அவரை நான் பார்த்தது என் மேஜைக்கு எதிரில். வாகனங்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் காகிதம் தரும் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராக இருந்தேன். அவர் மொபெட் உரிமத்தைப் புதுப்பிக்க வந்தார். முதல் தடவை புகைப்படத்தின் அளவு தவறு. இரண்டாம் தடவை சான்றொப்பம் வேறு பக்கத்தில். இரண்டு முறையும் திருப்பி அனுப்பினேன், விதி அப்படி. மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. முத்திரையை எடுத்தேன்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"நாற்காலி எங்க உறுத்துது? மூணு தடவையா பாக்கறேன். வலப்பக்கமே சாஞ்சு உக்காந்திருக்கீங்க."

இடப்பக்கம் பிரம்பு அறுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. புது நாற்காலி கேட்டு முறைப்படி எழுதியிருந்தேன். மூன்று நினைவூட்டலும் அனுப்பியிருந்தேன். அதை விளக்கினேன்.

"யாருக்கு எழுதினீங்க?"

"எனக்கு மேல உள்ளவருக்கு."

"அவரு இதுல உக்கார மாட்டாரேங்க," என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார். பின்னால் இருந்த நாலு எழுத்தர்களும் சிரித்தார்கள். என் அலுவலகத்தில் என் எழுத்தர்கள் வேறொருவர் பேச்சுக்குச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முத்திரையைக் கொஞ்சம் பலமாகவே குத்தினேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவரை நானே தேடிப் போக வேண்டி வந்தது, என் காருக்காக.

பத்மினி. பாலேட்டு நிறம். மகள் பிறந்த வருடம் வாங்கியது, மகளுக்கு நாற்பதாகிறது. பதிவு, வரி, காப்பீடு, புகை என்று எந்தக் காகிதத்திலும் ஒரு நாள் இடைவெளி கிடையாது. காகிதத்தில் அந்தக் காருக்கு வயதே ஆகவில்லை. உள்ளேதான் கடல் காற்று புகுந்துவிட்டது. கதவு அட்டைகளைப் பிடித்திருந்த கிளிப்புகள் துருப்பிடித்து, ரெக்சின் பிரிந்து தொங்கியது. டேஷ்போர்டுக் குமிழ்கள் இரண்டைக் காணோம். உள்விளக்கின் மூடி உடைந்துவிட்டது. கியர்க் கம்பியின் குமிழ் வெடித்து, கையைக் கீறியது.

என் மனைவி அந்தக் காரில் ஏறி ஆறு வருடமாகியிருந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருமலைராயன்பட்டினத்தில் அவள் தங்கை இருக்கிறாள். ஞாயிறுதோறும் அங்கே போவாள், பஸ்ஸில். வாசலில் நிற்கும் காரைச் சுற்றிக்கொண்டு, குடையை விரித்து, பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். எதிர்வீட்டுக்காரர்கள் முதலில் அவளைப் பார்ப்பார்கள்; பிறகு காரைப் பார்ப்பார்கள்; கடைசியில் என்னைப் பார்ப்பார்கள்.

காரணம் கேட்காமல் இருந்தேனா? கேட்டேன். "ஏன் கார்ல வரமாட்டேங்கற?"

"பஸ்ஸு வசதியா இருக்குங்க."

பதில் வந்துவிட்டது. கோப்பை முடித்துவிட்டேன். உள்ளே இருக்கும் அலங்கோலம்தான் அவளைத் தடுக்கிறது என்று நானாக முடிவு செய்து, மூன்று பக்கப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். பாகம், இடம், நிலை, நடவடிக்கை என்று நாலு பத்தி. தலைப்பில் "உட்புறச் சீரமைப்பு" என்றுதான் எழுதினேன். அவளை மறுபடியும் இடப்பக்க இருக்கையில் உட்கார வைப்பதுதான் நோக்கம். அதற்குப் பத்தி இல்லை.

பட்டியலில் பதினாலாவது வரி: "இடப்பக்கக் கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி. பத்திரமாக உள்ளது. நடவடிக்கை தேவையில்லை." அந்தக் கைப்பிடியின் துளை தேய்ந்து, சுற்றும்போது கழன்று விழும். தொலைந்துவிடக் கூடாதென்று அதை எடுத்து டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி என் கொத்தில். கண்ணாடியை இறக்க வேண்டியவர்கள் கேட்பார்கள். நான் வண்டியை ஓரங்கட்டிப் பெட்டியைத் திறந்து கொடுப்பேன். இறக்கிவிட்டுத் திருப்பித் தருவார்கள். பதினொரு வருடம் தொலையவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது.

கையேட்டை நகலெடுத்துக் கட்டி வைத்திருந்தேன். அதன்படி வலப்பக்கக் கைப்பிடியைக் கழற்றப் போனேன். கைப்பிடிக்கும் அட்டைக்கும் நடுவே வளைந்த சிறு கிளிப் ஒன்று இருக்கும். அதைத் தள்ளி எடுக்க வேண்டும். திருப்புளியால் தள்ளினேன். ரெக்சின் நாலு விரற்கடை கிழிந்தது. அடுத்த நாள் உள்விளக்கின் சட்டம் உடைந்தது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எஞ்சின் வேல இல்ல சார், பொடி வேல. நெரவில பல்லு கட்டறவரு ஒருத்தரு இருக்காரு, அவருக்கிட்ட போங்க. பழைய வண்டிக்கெல்லாம் அவருதான் இப்ப டேஷ்போர்டு நாப் ஊத்தித் தராரு," என்றான்.

நெரவிக்குப் போய்ச் சொன்னேன்; மறுநாள் மொபெட்டில் வந்தார். தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தவை பல் மருத்துவச் சாமான்கள். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் வட்டக் கண்ணாடியை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டுப் பார்த்தார். என் காரைப் பார்த்து அவர் "ஆ காட்டு" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வலப்பக்கக் கைப்பிடியைக் கழற்றத் திருப்புளியைத் தொடவே இல்லை. கைக்குட்டையை முறுக்கி, கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து, செருப்புக்கு மெருகு போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் இழுத்தார். கிளிப் தானாக வெளியே குதித்து என் காலடியில் விழுந்தது. கையேட்டில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைச் சொன்னேன்.

"எழுதினவங்க வசம் கைக்குட்ட இல்லயோ என்னமோ," என்றார்.

பிறகு பல் நிறம் பார்க்கும் வரிசையை எடுத்தார். வெள்ளையிலிருந்து பழுப்பு வரை பதினாறு பற்கள் ஒரு கம்பியில். ஒவ்வொன்றையும் டேஷ்போர்டில் மிச்சமிருந்த பழைய குமிழோடு ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"இது டீ நெறையக் குடிக்கிறவரு பல்லு சார். அம்பது வயசு இருக்கும். சிகரெட்டு கிடையாது."

வாசலுக்கு வந்து நின்றிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். "என் பல்லு எந்த நம்பருண்ணே?" என்று கேட்டுப் பல்லைக் காட்டினாள். அறிமுகமாகி இருபது நிமிடத்தில் "அண்ணே". அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அவர் ஒரு பல்லை அவள் உதட்டருகே பிடித்து, "சாக்பீசு தூள் பட்டே வெள்ளயா இருக்கு டீச்சரம்மா," என்றார். நானும் அதே வாசலில்தான் நின்றேன். என் பல்லின் எண்ணை யாரும் கேட்கவில்லை.

அவர் செய்த குமிழ்கள் அசலோடு அசலாக நின்றன. பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக்தான். தூளும் திரவமும் கலந்து, அச்சில் ஊற்றி, ராவி, மெருகேற்றி. கியர்க் குமிழுக்கு மட்டும் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பட்டியலில் நான் கையெழுத்துப் போடும்போது தாளைப் பிடித்திருந்த என் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கொண்டுவந்து திருகினார். சரியாக இருந்தது. சரியாக இருப்பதைப் பற்றிப் புகார் எழுத வழியில்லை.

இடப்பக்கக் கதவுக்கு வந்தார்.

"இங்க யாரு சார் உக்காருவாங்க?"

"என் மனைவி."

"அவங்களச் செத்த கூப்பிடுங்க."

"எதுக்கு? லிஸ்ட் என்கிட்ட இருக்கே."

"வாயி அவங்களோடதாச்சே சார்," என்றார்.

கூப்பிட்டேன். அவள் வந்து, ஆறு வருடத்துக்குப் பிறகு, அந்த இருக்கையில் காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டியின் சாவியை எடுக்க நான் உள்ளே போய்த் திரும்பினேன். டிக்கிக்குப் பின்னால் வரும்போது பேச்சு கேட்டது. நின்றுவிட்டேன்.

"சொல்லுங்க டீச்சரம்மா. எங்க உறுத்துது?"

 அவள் சொன்னாள்.

"காத்துக்குக் கேக்கணும்ண்ணே."

"வெளங்கல."

"ஜன்னலத் திறக்கற கைப்பிடிய அவரு பெட்டில பூட்டி வச்சிருக்காரு. கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாரு. 'ரயில்வே கேட்டு தாண்டட்டும்'பாரு. 'முன்னால மண்ணு லாரி போவுது, அது போவட்டும்'பாரு. 'பட்டினச்சேரிப் பக்கம் கருவாடு காயப் போட்டிருப்பாங்க, நாத்தமடிக்கும்'பாரு. அதுக்குள்ள ஊரு வந்துடும். ஒரு நா ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டோம். நல்ல வெயிலு. எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. இறங்கிட்டேன். 'ரயிலு வந்துட்டு, ஏறு'ன்னாரு. பின்னாடி ஒரு பஸ்ஸு நின்னுச்சு. அதுல ஏறிப் போயிட்டேன்."

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. அவள் அவசரப்பட்டாள் என்று நினைவிருந்தது.

"இப்ப கைப்பிடியக் குடுத்தாலும் எனக்குச் சுத்த வராதுண்ணே. ரெண்டு வருஷமா கட்டவெரலு ரெண்டும் மடங்கல."

நான் கேட்ட கேள்விக்கும் அவர் கேட்டதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? எனக்கு பஸ் வசதி என்ற பதில். அவருக்கு இத்தனையும். அன்றைக்கு என் வயிற்றில் எரிந்ததற்குப் பெயர் தெரியாதவன் இல்லை நான். தெரிந்தேதான் எரிந்தது.

அவர் வெந்நீர் கேட்டு வாங்கி, இளஞ்சிவப்பு மெழுகுத் தகட்டை அதில் நனைத்து, உருட்டி, அவள் இடது கையில் கொடுத்தார். "பிடிச்சுக்கிட்டு ஜன்னலு சுத்தற மாதிரி சுத்துங்க. வலிக்கிற எடத்துல நிறுத்திடுங்க." பிறகு அதை எடுத்து என்னிடம் காட்டினார். "பாத்தீங்களா சார், நாலு வெரலும்தான் வேல பாக்குது. கட்டவெரலு சும்மா குந்தியிருக்கு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெழுகை வாங்கிப் பார்த்தேன். நாலு ஆழமான பள்ளம், மேலே லேசாக ஒரு தடம். நாற்பத்திரண்டு வருடக் குடித்தனம். ஐம்பது பேர் கையெழுத்துக்கு நடுவில் வைத்தாலும் அவள் கையெழுத்தை என்னால் அடையாளம் காட்ட முடியும். கையைத் தெரியவில்லை. அது இன்னொருவர் மெழுகில் இருந்தது.

மூன்றாம் நாள் கைப்பிடி வந்தது. தேய்ந்த துளைக்குள் பித்தளைத் தகடு சுருட்டி வைத்து இறுக்கியிருந்தார். நுனியில் பருத்த பிடி, அவள் நாலு விரலுக்கும் பள்ளம் வைத்து. நிறம், பல் செட்டின் ஈறு நிறம். பாலேட்டு நிறக் காருக்குள் அது யாரோ நாக்கை நீட்டின மாதிரி இருந்தது.

"இது டிரையல் சார். ஒரு வாரம் டீச்சரம்மா போட்டுப் பாக்கட்டும். உறுத்தினா ராவித் தரேன். அப்பறம் பல்லு கலர்ல செஞ்சுக்கலாம்."

அடுத்த மூன்று நாளும் சாயங்காலம் அவள் போய் நின்ற காரில் உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். எங்கேயும் போகவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன். நாலாம் நாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஞாயித்துக்கெழம தங்கச்சி வீட்டுக்குக் கார்லயே போவலாங்க."

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பட்டியலில் எழுதாத நோக்கம் நிறைவேறிவிட்டது. சனிக்கிழமை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத வேண்டும்.

மும்பையில் ஓர் உதிரிபாகக் கடைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அசல் கைப்பிடி, நுனியில் அசல் குமிழோடு, அன்றைக்குத் தபாலில் வந்தது. ஈறு நிறக் கைப்பிடியைக் கழற்றினேன். அசலைப் பொருத்தினேன். கழற்றியதை ஒரு கவரில் போட்டு "அசல் அல்லாதவை" என்று எழுதி அலமாரியில் வைத்தேன். நிறப் பொருத்தம், அசல் தன்மை என்று அப்போது இரண்டு காரணம் வைத்திருந்தேன். இப்போது தேடினால் கோப்பில் அவை இல்லை. அவர் கேட்டுச் செய்து கொடுத்ததால் அவள் வந்து உட்காரப் போகிறாள் என்பதுதான் இருக்கிறது.

ஞாயிறு காலை புதுச் சேலையோடு வந்தாள். கதவைத் திறந்தாள். சின்னஞ்சிறு கறுப்புக் குமிழைப் பார்த்தாள். இரண்டு விரலால் அதைப் பிடிக்கப் பார்த்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். உள்ளே போய்க் குடையை எடுத்து வந்தாள்.

"பஸ்ஸு வசதியா இருக்குங்க."

வாரம் முடிந்து அவர் வந்தார். கதவைப் பார்த்தார்.

"கம்பெனி கைப்பிடியே கெடச்சிட்டா? நல்லதுங்க," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சாருக்கு எங்க உறுத்துது?"

"எங்கயும் இல்ல. எல்லாம் சரியா இருக்கு."

தலையாட்டினார். டப்பாவை மூடினார். என் மனைவி காபிக்குக் கூப்பிட்டாள். அடுப்படியில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நான் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்துக்குப் போன இரண்டு நாள் வந்துவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று தெரிந்துவிடும். தை மாதம் பிரான்சிலிருந்து அவர் மகள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கே அவர் மொழி தெரியாத ஊரில் யாரிடம் எதைக் கேட்கிறாரோ.

அவர் போய் மூன்று மாதம் கழித்து அடுப்படிக் குழாய் சொட்டுகிறது என்று ஸ்பானரோடு போனேன். குழாயின் திருகு ஈறு நிறத்தில் இருந்தது. நாலு விரல் பள்ளம்.

நிமிர்ந்தேன். குக்கர் மூடியின் பிடி ஈறு நிறம். அறை அறையாகப் போனேன். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள். பீரோச் சாவி. எண்ணெய்ப் போத்தலின் மூடி. அவள் பேனாவுக்குப் பருத்த உறை. மாவு டப்பா. மின்விசிறியின் திருகு. மொத்தம் எட்டு. மூன்று மாதமாக நான் இந்த வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறேன்.

"இதெல்லாம் எப்ப?"

"அவரு ஊருக்குப் போறதுக்கு முன்னாடி."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல."

அவள் கத்தரிக்காயிலிருந்து நிமிரவில்லை. "இந்தக் கொழாய நீங்க திறந்து எத்தன வருஷமாச்சு?"

யோசித்துப் பார்த்தேன். ஆவணம் எதுவும் இல்லை.

அலமாரியில் கவர் அப்படியே இருந்தது. கைக்குட்டையை முறுக்கி, அசல் கைப்பிடிக்குப் பின்னால் கொடுத்து இழுத்தேன். மூன்றாம் இழுப்பில் கிளிப் குதித்தது. குனிந்து தேடி எடுத்து, ஈறு நிறத்தை அதன் இடத்தில் பொருத்தினேன். டேஷ்போர்டுப் பெட்டியின் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி அவள் மேஜையில் வைத்தேன்.

"கைப்பிடிய மாத்தியிருக்கேன்."

"கெட்டியா நிக்குமா?"

"டிரையல்தான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஏறினாள். குடையையும் எடுத்துக்கொண்டுதான் ஏறினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் சொல்வதற்குள், சொல்ல என்னிடம் ஏதும் இருந்ததென்று இல்லை, அவள் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டாள். முன்னால் நின்ற மண் லாரியிலிருந்து தூசி வந்தது. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கருவாட்டு வாடை வந்தது. பாலேட்டு நிற இருக்கையில் மண் படிந்தது. வாயைத் திறந்தேன். வேறு ஒன்றைக் கேட்டேன்.

"எங்கயாவது உறுத்துதா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள், ஆறு வருடத்தில் முதல்முறையாக என் பேச்சுக்கு. "அவரு மாதிரியே கேக்கறீங்க."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அதுவும் அவர் பெயரில். திருமலைராயன்பட்டினம் வரை அவள் கை அந்தப் பிடியிலேயே இருந்தது. கண்ணாடியை இறக்கியாயிற்று, இனி அங்கே கைக்கு வேலை இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை. நாலு விரலும் நாலு பள்ளத்தில். அந்தப் பிடியைப் பார்க்கக் கூடாதென்று நான் சாலையைப் பார்த்தேன். பத்மினிக்குக் கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன். பல் நிறக் குமிழ் என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

எங்கும் உறுத்தவில்லை.